ஸ்குரூ கேஜும் மூன்று வருடக் கோபமும்

4-9-1963
மதராஸிலிருந்து நேர்முகக் கடிதம். அளவுக் கருவிகள் செய்யும் கம்பெனி. வடிவமைப்புப் பிரிவில் உதவியாளர் வேலை. பதினாறாம் தேதி. அங்கே அளந்து காட்ட வேண்டுமாம்.

நான் பௌதிகத்தில் முதல் வகுப்பு. ஸ்குரூ கேஜை ஒருநாளும் திருகியதில்லை. ஆய்வுக்கூடத்தில் பையன்கள் அளப்பார்கள், பெண்கள் எழுதிக்கொள்வோம். பரீட்சையில்கூடக் கம்பியைப் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். நான் எண்ணைப் படித்தேன். மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லையே — யார்மேல் கோபப்படுவது?

6-9-63
விழுப்புரத்தில் ராஜாங்கம் லேத் பட்டறை. அளக்கப் பழக விடுவீர்களா என்று வாசலிலேயே நின்று கேட்டேன். "நீ உள்ள நின்னா வேலையே நடக்காதும்மா, பத்து பேரு வேடிக்கை பாப்பான். ஊட்டுக்கு எடுத்துக்கினு போ, ஞாயித்துக்கிழம குடுத்துடு" என்று மைக்ரோமீட்டரை — பட்டறையில் ஸ்குரூ கேஜுக்கு அதுதான் பெயர் — துணியில் சுற்றிக் கொடுத்தார். நல்ல மனுஷர்தான். ஆனாலும் எரிந்தது.

7-9-63
தையல் ஊசியை ஐந்து முறை அளந்தேன். ஐந்து வெவ்வேறு எண்.
"ஊசிய அளந்துக்கினே கீறியே, அதால தெக்கறது எப்போடி?" — அம்மா.

8-9-63
ஐந்து எண் வந்ததை ராஜாங்கத்திடம் சொன்னேன். "கோவத்துல முறுக்கறம்மா. கிட்ட வந்ததும் பின்னால கீற சின்னக் குமிழப் புடிச்சி திருப்பு. மூணு தாட்டி டிக்குனு கேட்டா நிறுத்து." கருவியை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

16-9-63
அப்பாவும் வந்தார். மதராஸ் பஸ்ஸில் திண்டிவனம் வரை நின்றே போனோம்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். இரண்டு பேர் கல்யாணம் எப்போது என்பதையே மாற்றி மாற்றிக் கேட்டார்கள். மூன்றாமவர் ஓர் எஃகுக் கம்பித் துண்டை நீட்டினார். மூன்று இடத்தில் அளந்து மூன்று எண் சொன்னேன். எது சரி என்றார். மூன்றும் சரி, கம்பிதான் ஒரு பக்கம் சிறுத்திருக்கிறது என்றேன். என் குரல்தானா அது? அவர் வாங்கி, தாமும் அளந்து பார்த்தார்.

25-9-63
டைப்பிஸ்ட் வேலை தருகிறார்களாம். வடிவமைப்பு அறையில் பெண்களை உட்காரவைத்துப் பழக்கமில்லையாம். டைப்பு மெஷினை நான் தொட்டதே இல்லை.

"வேல வேலதானே கண்ணு. வெயில்ல மல்லாட்டச் செடி புடுங்கறதுக்கு அது மேலு" என்றார் அப்பா. கத்திவிட்டேன். அவர் என்ன செய்வார், பாவம்.

26-9-63
பதில் போட்டேன். ‘என் அளவு தப்பென்றால் எவ்வளவு தப்பென்று எழுதுங்கள். தப்பில்லையென்றால் நான் கேட்ட வேலையைக் கொடுங்கள்.’ மரியாதையாக இருக்கட்டும் என்று மூன்று முறை மாற்றி எழுதினேன். கடைசியில் முதலில் எழுதியதையே அனுப்பினேன்.

11-10-63
கடிதம் வந்தது. வடிவமைப்புப் பிரிவு, ஆறு மாதம் பார்ப்பார்களாம். அச்சடித்த தாளில் ‘டியர் சார்’ என்றே இருக்கிறது. அடித்து மாற்றக்கூட யாருக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை நான் போய் உட்காரும்போது பார்த்துக்கொள்ளட்டும்.