பதினொரு எலிகள்

உயர்திரு சுகாதாரத் துறைத் துணை இயக்குநர் அவர்களுக்கு,

உங்கள் அக்கா எழுதிக்கொள்வது. அக்கா என்பது கூச்சமாக இருந்தால், மாமனார் வீட்டில் நீ சொல்லி வைத்திருப்பது போல ‘தூரத்துச் சொந்தம்’ என்றே வைத்துக்கொள். நான் நலம். உன் நலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டேன். தொப்பை போட்டிருக்கிறாய்.

நேற்று போனில் நீ கேட்டதற்குத்தான் இந்தப் பதில். நேரில் சொன்னால் குறுக்கே பேசுவாய்.

மழை தொடங்கிய வாரம் புதுச் சந்தைக்குப் பின்னால் வடிகால் ஓரமாக நாற்பது பொறி வைத்தேன். இருபத்தாறு எலி விழுந்தன. ரத்தமும் சிறுநீரகத் துண்டும் எடுத்து ஆய்வகத்தில் கொடுத்தேன். பதினொன்றில் எலிக்காய்ச்சல் கிருமி. அந்த எலிகள் மூத்திரம் விட்ட தண்ணீரில் காலில் ஒரு கீறலோடு இறங்கினாலே போதும், மனிதனுக்கு வந்துவிடும். எட்டாவது படித்த எனக்கே இது தெரியும். நீ டாக்டருக்குப் படித்தவன்.

முடிவு வந்த அன்றே உனக்கு அறிக்கை அனுப்பினேன். துப்புரவு ஆட்களுக்குத் தடுப்பு மாத்திரையும் ரப்பர் பூட்ஸும் கேட்டிருந்தேன். “மாதிரிகள் போதாது. மூன்று மாதம் கழித்து மீண்டும் பிடிக்கவும். வீண் பீதி வேண்டாம்” என்று பதில் எழுதினாய். சந்தைத் திறப்பு விழாவுக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது. ரிப்பன் வெட்டியவருக்குப் பின்னால் நின்று என்ன சிரிப்பு! முதுகெலும்பே இல்லாத ஒருவன் அவ்வளவு நிமிர்ந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

விழாவுக்காக வடிகாலைச் சுத்தம் செய்ய ஏழு பேரை வெறுங்காலோடு இறக்கினார்கள். நான் வேறு ஊரில் பொறி வைத்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். மூன்று பேர் பிழைத்துக்கொண்டார்கள். பாட்டுக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் மேஸ்திரி பிழைக்கவில்லை. என் பொறிகளைப் பார்த்தால், “என்னம்மா, இன்னைக்கு எத்தனை மாப்பிள்ளை மாட்டினாங்க?” என்று கேட்கிற மனுஷன். கண் மஞ்சளாகி, மூத்திரம் நின்று, ஆறாம் நாள் போய்விட்டார். “உங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே?” என்று அவர் மனைவி என்னைக் கேட்டாள். தலை குனிந்து நின்றேன். உனக்கும் சேர்த்துத்தான்.

அவர் சாவுக்கு விசாரணை என்றதும் உனக்கு அக்கா ஞாபகம் வந்துவிட்டது. “எலிப் பதிவேட்டுல ஒரு தேதிதானேக்கா, ஒரு மாசம் தள்ளிப் போட்டுடு, யாருக்குத் தெரியப்போகுது?” என்கிறாய். பன்னிரண்டு வருடமாக எலி பிடிக்கிறேன். பொறியில் விழுந்த எலி கம்பியைக் கடிக்கும், என் விரலைக் கடிக்கும். வெளியே நிற்பவளை உன்னைப் போல உள்ளே இழுக்கப் பார்க்காது.

இன்று காலை பதிவேட்டை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். தேதியில் கை வைக்கவில்லை. உன் பதில் கடிதத்தையும் அதோடு சேர்த்திருக்கிறேன். வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை உன்னை. அறிக்கை வரவே இல்லை என்று சொல்லி இன்னும் கேவலப்படாதே.

வியாழன் சாயங்காலமே வந்துவிடு. கார், ஓட்டுநர் எல்லாம் வேண்டாம், பஸ்ஸில் வா. பாட்டுக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த அம்மா கேட்கிறதைக் கேட்கட்டும், நீ பதில் சொல். தனியாகப் போக உனக்குத் தைரியம் வராது, எனக்குத் தெரியும். நான் கூட வருகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவள்