ஆறு இரும்புக் கம்பிகள்

இன்று காலை நம் மகள் என் போனுக்கு இரண்டு கிடார்களின் படம் அனுப்பியிருந்தாள். ஒன்று சின்னது, சாதாரண மர நிறம். இன்னொன்று பெரியது, ஓரமெல்லாம் கறுப்பும் நடுவில் சிவப்புமாக மின்னுகிறது. ஐம்பதை நெருங்கும் வயதில், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, கிடார் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். "கடைக்குப் போய்த் தொட்டுப் பார்க்கறதுக்கெல்லாம் நேரமில்லப்பா, பார்சல்லதான் வரும். எதை வாங்கலாம், நீங்க சொல்லுங்க" என்றாள். யாரிடம் எதைக் கேட்கிறாள் பார். அந்தச் சிவப்பைப் பார்த்ததுமே எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

நீ போய் மூன்று மழைக்காலம் கடந்துவிட்டது. நாம் சண்டை போடாத விஷயமே கிடையாது. மீன் விலையிலிருந்து என் அக்கா வரை எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறோம். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் நீ சண்டைக்கு வரவே இல்லை. வந்திருந்தால் நான் இன்றைக்கு இப்படி உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை.

எழுபதுகளில், இதே மகள் உன் இடுப்பில் இருந்த காலம். மாதா திருநாள் பூசைக்குக் கிடார் வாசிக்கலாம் என்று பங்குச்சாமியார் சொன்னார். நம் ஊரில் கிடார் தெரிந்தது உனக்கு மட்டும்தான். புதுச்சேரி கான்வென்டில் படித்தபோது ஒரு சிஸ்டரிடம் கற்றது, கல்யாணத்தோடு விட்டுப்போனது. அன்றைக்கு நீ இருந்த சந்தோஷத்தில் குழம்புக்கு உப்பே போடவில்லை. உப்பள மேஸ்திரி வீட்டில் உப்பில்லாத குழம்பு. நானும் குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, "நான் வாங்கித் தர்றேன்" என்று பெருமையாகச் சொன்னேன்.

"நானும் வர்றேங்க. வாசிச்சுப் பார்த்துத்தான் வாங்கணும்" என்றாய்.

"கடையில நாலு ஆம்பளைங்க பார்க்க, மடியில வெச்சுக்கிட்டு வாசிப்பியா நீ? நானே போறேன்."

நீ குழந்தையைப் பாயில் இறக்கி விட்டாய். பிறகு எனக்குப் பாடம் எடுத்தாய். சின்ன உடம்பாக இருக்க வேண்டும். நைலான் தந்தியாக இருக்க வேண்டும். கிடாரின் கழுத்து நடுவில் ஒரு தந்தியை அமுக்கிப் பார்க்க வேண்டும், விரல் நோகாமல் அமுங்க வேண்டும். எவ்வளவு அமுக்க வேண்டும் என்று கேட்டேன். என் கையை இழுத்து, மணிக்கட்டில் உன் விரல் நுனியை வைத்து மெல்ல அழுத்தினாய். "இவ்ளோதான். இதுக்கு மேல போனா அது நமக்கு வேணாம்."

புதுச்சேரிக் கடையில் இரண்டு கிடார்கள் தொங்கின. நீ சொன்னது அப்படியே ஒன்று, ஓரமாக. நடுவில், இன்று மகள் அனுப்பிய படத்தில் இருப்பது போலவே ஒரு சிவப்பு. கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கடைக்காரர், "யாரு சார் வாசிக்கப் போறது?" என்று கேட்டார். வீட்டுக்காரி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "கோயிலுக்கு" என்றேன்.

"கோயிலுக்குன்னா சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும் சார். அது குழந்தைங்க சாமான். இதை எடுத்துக்கிட்டுப் போங்க, இரும்புக் கம்பி, கணீர்னு இருக்கும்."

கையில் வாங்கினேன். எந்தப் பக்கம் மேலே என்றுகூடத் தெரியவில்லை. அந்தப் பையன்கள் என்னையே பார்த்தார்கள். தந்தியை அமுக்கப் போய்த் தப்பாக ஏதாவது செய்துவிட்டால் சிரிப்பார்களே என்று விரலையே வைக்கவில்லை. சரி, கட்டுங்க என்றேன். பஸ்ஸில் நம் மரக்காணம் வரைக்கும் ஆளாளுக்கு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

நீ காகிதத்தைப் பிரித்தாய். கழுத்தின் நடுவில் ஒரு கம்பியை அமுக்கினாய், விரலை எடுத்துப் பார்த்தாய். நுனியில் கோடு விழுந்திருந்தது. பிறகு சிரித்தாய். "உப்புப் பாத்தியில ஒரு ஆணி கிடந்தா ஊரையே கூட்டுவீங்க. வூட்டுக்கு ஆறு இரும்புக் கம்பி வாங்கியாந்திருக்கீங்களே."

உண்மைதான். இரும்பு பட்டால் துரு இறங்கி உப்பு சிவந்துபோகும் என்று, மரப்பலகையைத் தவிர வேறு எதையும் பாத்தியில் இறக்க விடாதவன் நான். உப்புக் காற்று இரும்பை என்ன பாடுபடுத்தும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கடையில் அந்த ஞாபகமே வரவில்லை.

"ரெண்டு பேருமாப் போய் மாத்திக்கிட்டு வந்துடலாங்க" என்றாய்.

"கடைக்காரன் என்னை என்ன நினைப்பான்?" என்றேன். உன்னை நான் என்ன செய்கிறேன் என்று நினைக்கவில்லை.

தினமும் சாயங்காலம் கம்பிகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, என் பழைய வேட்டித் துணியால் துடைத்து வைத்தாய். விரல்கள் கொப்பளித்து உடைந்தன. மீன் கழுவும்போது எரியும், பல்லைக் கடித்துக்கொள்வாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திருநாள் பூசையில், எல்லோரும் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்க வரிசையில் போகும்போது, கம்பி அறுந்தது. படீரென்ற சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. உன் கன்னத்தில் அடித்து ஒரு சிவப்புக் கோடு. பாடலும் அறுந்து, சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். நீ கிடாரைக் கீழே வைத்துவிட்டு, வெறும் குரலில் பாட்டை முடித்தாய்.

வெளியே வந்ததும், கோயிலில் வேதம் சொல்லித்தரும் உபதேசியார் எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்பா, கடல் காத்து அடிக்கிற ஊருல இரும்புக் கம்பியா? நீ உப்பளத்துல இருக்கிறவன்தானே? யாரு இதைப் பார்த்து வாங்கினது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "நான் எங்கங்க வாங்கினேன்? எங்க வூட்டுல அதுதான் இதையே வேணும்னு அடம் புடிச்சுது" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்த வார்த்தை.

திரும்பினால் நீ நிற்கிறாய். இடுப்பில் குழந்தை, கன்னத்தில் அந்தக் கோடு. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. நீ என்னைப் பார்க்கக்கூட இல்லை, உபதேசியாரைப் பார்த்துச் சொன்னாய். "ஆமாங்க, பளபளப்பைப் பார்த்து ஏமாந்துட்டேன். அவரு வேணாம்னுதான் சொன்னாரு."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் திட்டுவாய் என்று காத்திருந்தேன். ராத்திரிக்கு மத்திக் குழம்பு வைக்கட்டுமா, வறுக்கட்டுமா என்று கேட்டாய். அதற்குப் பிறகு கோயிலில் யாரும் உன்னை வாசிக்கக் கூப்பிடவில்லை. பார்த்து வாங்கக்கூடத் தெரியாதவள் என்று பேர். பின்வரிசையில் நின்று பாடினாய். ஒருமுறை புதுச்சேரிக்குப் போனபோது அந்தச் சின்னக் கிடார் கடையில் அப்படியே தொங்கியதைப் பார்த்தேன். தெருவின் அந்தப் பக்கம் மாறி நடந்தேன். இதை உன்னிடம் சொன்னதில்லை. நம் வீட்டுச் சுவரில் தொங்கிய சிவப்புக் கிடாரில் கம்பிகள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்து அறுந்தன.

மத்தியானம் மகளைக் கூப்பிட்டு, சின்னதையே வாங்கு என்றேன்.

"நானும் அதைத்தாம்பா நினைச்சேன். அம்மா மாதிரி பளபளப்பைப் பார்த்து ஏமாந்துடக் கூடாது பாருங்க."

எனக்குப் புரியவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன்.

"அம்மாதான். துணி எடுக்கப் போனாலும் சரி, பாத்திரம் வாங்கப் போனாலும் சரி, நான் கிடார் வாங்கின மாதிரி வாங்கிடாதேன்னு சொல்லுவாங்க. உங்க எதிர்ல மட்டும் சொல்ல மாட்டாங்க. நீங்க வேணாம்னு சொல்லியும் வாங்கிட்டாங்களாமே."

அன்று ஒரு சாயங்காலத்துக்காக நீ சொன்ன பொய் என்று நினைத்திருந்தேன். பெற்ற பிள்ளையிடமும் அதையே சொல்லி, என் மானத்தை ஆயுசு முழுக்கக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறாய். "இல்லம்மா. அம்மா கேட்டது சின்னது. பெரிசை வாங்கியாந்தது நான். அம்மா மேல பழி போட்டதும் நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் சிரித்தாள். "போங்கப்பா. இப்பவும் அம்மாவை விட்டுக்கொடுக்க மாட்டீங்களே."

போனை வைத்த பிறகு என் இடது மணிக்கட்டில் விரல் நுனியை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தேன். நீ காட்டிய அளவு இன்னும் அப்படியே இருக்கிறது. அந்தக் கடையில் ஒரே ஒரு தடவை இப்படி அழுத்திப் பார்த்திருக்கலாம்.