கொப்பியில் எழுதக்கூடாத நாள்

புது வெள்ளைத் துணியின் கஞ்சி வாசம் உனக்குப் பிடிக்காது, மூக்கைச் சுளிப்பாய். நான்கு நாளாக எங்கள் வீடு முழுக்க அந்த வாசம்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து புத்தளம் போன என் மகள் ஹஸ்னாவின் வாப்பா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பள்ளிச் சீருடைத் துணியை வாங்கி வந்து தையல் மெஷினின் மேல் வைத்தார். "திங்கக்கிழமை புள்ளயக் கூட்டி வரட்டாம், பள்ளிக்கூட அதிபர் சொன்னார்" என்றார். நான் வாயைத் திறக்குமுன் வெளியே போய்விட்டார். சண்டை பிடிக்க ஆளில்லாமல் நின்றபோதுதான் உன் ஞாபகம் வந்தது. உன்னோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

ஐந்து வருடத்துக்கு முன் இந்த வீட்டுப் படிப்பைத் தொடக்கியவளே நீதானே. ஹஸ்னாவுக்கு ஆறு வயது. பள்ளிக்குப் போகும் காலையெல்லாம் வாந்தி எடுப்பாள். உன் மகள் ருஷ்தாவுக்கு மூச்சு இழுப்பு, மாதத்தில் பாதி நாள் வீட்டில். "நாம ரெண்டு பேரும் ஏ.எல். வரைக்கும் படிச்சவங்க மச்சி. ரெண்டு புள்ளைக்கு எழுத்துக் காட்ட ஏலாதா?" என்றாய். ஏலும் என்றேன். மறுநாளே, பிள்ளைகள் உட்கார உன் வீட்டுக் கதிரைகள் இரண்டும் எங்கள் வீட்டுக்கு வந்தன.

நீ மீன் வெட்டிக்கொண்டே பாடம் சொல்லுவாய். பிள்ளைகள் பாதியில் எழுந்து ஓடினாலும் கூப்பிட மாட்டாய். என்னால் அது முடியாது. உனக்குத்தான் தெரியுமே, எனக்கு ஒரு பச்சைக் கொப்பி இருந்தது. பிள்ளை எதைச் செய்தாலும், எதைக் கேட்டாலும் அன்றைக்கே அதில் எழுதிவிடுவேன். 'தேங்காய் துருவினாள், உள்ளே தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டாள்: விஞ்ஞானம்.' 'மாமியோடு போனில் கதைத்தாள்: மொழி.' புலமைப்பரிசில் பரீட்சை எழுதுவாளா, பெரிய பிள்ளையானால் என்ன செய்வாய் என்று கேட்காத ஆள் கல்பிட்டியில் இருக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் கொப்பியால் மூடப் பார்த்தேன்.

கண்டக்குழிக் கரையில் ஒரு டொல்பின் செத்து ஒதுங்கிய காலை ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகள் இரண்டும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றன. நான் விடவில்லை. இது மீனா, மிருகமா? எதால் மூச்சு விடும்? குட்டி போடுமா, முட்டை இடுமா? நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "செத்துக் கெடக்கிறதுக்குப் பக்கத்துல நிண்டு பரீட்சை வைக்காத மச்சி. அதுகள் கொஞ்சம் பாக்கட்டுமே." எனக்குக் கோபம் வந்தது. உனக்கு எல்லாமே விளையாட்டு என்று நினைத்தேன். அன்றைக்கும் கொப்பியில் மூன்று வரி எழுதினேன்.

போன வருடம் நோன்பு மாதம் காய்ச்சல் என்று படுத்தாய், ஐந்தாம் நாள் மௌத்தாகிவிட்டாய். இன்றும் எனக்கு அது பொய் மாதிரித்தான் இருக்கிறது. நாற்பது கழிந்ததும் ருஷ்தாவைப் பள்ளியில் சேர்த்தார்கள். தாயில்லாத பிள்ளையை அவளின் வாப்பா வேறு என்ன செய்வார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை ருஷ்தா வந்திருந்தாள். மெஷினின் மேலிருந்த துணியைத் தடவிப் பார்த்தாள். "உங்களப் பள்ளியில சேர்க்க உங்கட வாப்பா கொஞ்சம் அவசரப்பட்டுட்டார் மகள்" என்றேன், சும்மா பேச்சுக்கு.

"இல்ல சாச்சி. உம்மாதான் பேர் குடுத்த. காய்ச்சல் வர முந்தியே. நோன்பு முடிய சாச்சிக்கிட்ட சொல்றன் எண்டாங்க."

காய்ச்சலில் படுக்கும் நாள் வரைக்கும் என் முன்னால் உட்கார்ந்து அடுத்த வருடப் பாட அட்டவணைக்கு ஓம் ஓம் என்று தலையாட்டினாயே! ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. சனிக்கிழமை முழுக்க உன்னை ஏசினேன். மௌத்தானவர்களை ஏசக்கூடாது என்று தெரிந்துதான் ஏசினேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது பிறகுதான் புரிந்தது. அழுதிருப்பேன், கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடி வந்திருப்பேன். உன்னைப் பேச விட்டிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹஸ்னாவிடம் கேட்டேன். "ருஷ்தா போறதாலயா மகள் உங்களுக்கும் போகணும்?"

"கோவிக்க மாட்டீங்களா உம்மா?"

"இல்ல."

"நீங்க பாக்காத ஒரு எடத்துல கொஞ்ச நேரம் இரிக்கணும்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு உன்னைப் பற்றிச் சொன்னாள். "சாச்சி மௌத்தான அண்டைக்கு நான் அழுதுகிட்டுக் கேட்டத நீங்க கொப்பியில எழுதி வச்சிரிந்தீங்க. நான் வாசிச்சன்."

எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். 'ஜனாஸாவை ஏன் குளிப்பாட்டுகிறார்கள் என்று கேட்டாள்: சமயம்.' உன்னை அடக்கம் செய்த அதே நாள். பழக்கம் என்று சொல்லலாம், ஆனால் வெட்கமாக இருந்தது. ஒரு வருடமாக அவள் என்னிடம் எதையுமே கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. துக்கத்தில் அடங்கிப் போனாள் என்று நினைத்திருந்தேன். பிள்ளை என்னிடமிருந்து தன்னை ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இன்று காலை கூட்டிப் போனேன். அதிபர் பாடப் புத்தகத்தில் ஒரு பந்தி வாசிக்கச் சொன்னார், வாசித்தாள். நாளைக்கு வரச் சொன்னார். ஐந்து வருடக் கவலை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. திரும்பி வரும்போது காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. நான் எதுவும் கேட்காமல் நடந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பள்ளிவாசல் சந்தி தாண்டியதும் அவளாகவே கேட்டாள்.

"கடைசியில சாச்சி பயந்திருப்பாங்களா உம்மா?"

குர்ஆனில் என்ன இருக்கிறது, வைத்தியர் என்ன சொன்னார் என்று சொல்ல எத்தனையோ நாவின் நுனி வரைக்கும் வந்தன. விழுங்கிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாது மகள்" என்றேன். இந்த ஐந்து வருடத்தில் அவளிடம் நான் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பயந்தாயா? நாளைக்கு அவள் போன பிறகும், இந்த வெறும் வீட்டில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்.