வியாழக்கிழமை நடக்கவிருந்த வாக்கெடுப்பு

வாஷிங்டன்,
சனிக்கிழமை, பிற்பகல்

அன்பு மகள் மெரிடித்துக்கு,

நீ நலமாக இருப்பதாகக் கடற்படை அதிகாரி ஒருவர் தொலைபேசியில் சொன்னார். உன் கையெழுத்தில் பார்க்கும்வரை எனக்கு முழு நம்பிக்கை வராது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. ஐயோவாவில் மூன்று வாரமாக மழை, ஆற்றோர நிலத்தில் இன்னும் மக்காச்சோளம் விதைக்க முடியவில்லை. என் மாட்டு மருத்துவமனையைப் பார்த்துக்கொள்ளும் லெஸ்டர், நான் அரசியலுக்குப் போனபிறகு கன்றுகள் ஒழுங்காகப் பிறக்கின்றன என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறானாம்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை நீ கப்பலிலிருந்து பார்த்திருப்பாய். நான் இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை என் வாயாலேயே உனக்குச் சொல்ல வேண்டும்.

அந்த நாட்டின் மீது படையைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தருவதா வேண்டாமா என்று வியாழக்கிழமை எங்கள் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு இருந்தது உனக்குத் தெரியும். நான் அதிபரின் கட்சிக்காரன். நல்ல காரணம் சொன்னால் அனுமதி தரலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு முன்பாக, செவ்வாய்க்கிழமை காலை, நான் உறுப்பினராக உள்ள சபைக் குழு விசாரணை வைத்தது. எதிரே அரசுத் தரப்பில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். என் முறை வந்தபோது மணி பதினொன்று பத்து. தாக்குதலுக்கு உத்தரவு ஏதாவது போயிருக்கிறதா என்று கேட்டேன். "இல்லைங்க ஐயா. ஒரு முடிவும் எடுக்கலை. உங்க ஓட்டுக்குத்தான் காத்திருக்கோம்" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, நிருபர்கள் வரிசையில் தொலைபேசிகள் ஒவ்வொன்றாக அதிர ஆரம்பித்தன. என் உதவியாளர் யோலாண்டா பின்னாலிருந்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். "தொடங்கிவிட்டது. முக்கால் மணி நேரமாகிறது" என்று எழுதியிருந்தது. அதை நான் ஒலிபெருக்கியில் படித்தேன். அந்த அதிகாரியைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை, மெரிடித். அவருக்கும் யாரும் சொல்லவில்லை. முகம் வெளுத்து, தண்ணீர்க் கோப்பையை எடுக்கப் போய்க் கவிழ்த்துவிட்டார். தண்ணீர் மேசையில் ஓடியது. அதைத் துடைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கடலிலிருந்து ஏவுகணைகள் கிளம்பும் படத்தையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கப்பலின் முகப்பில் இருந்த எண் உன் கப்பலின் எண். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் மாதம் துறைமுகத்தில் உன்னை வழியனுப்பும்போது, சபை ஓட்டுப் போடாமல் ஒரு தோட்டாகூட வெடிக்காது, சட்டம் அப்படி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நீ சிரித்தாய். "அப்பா, உங்க ஓட்டு வந்து சேர்றதுக்குள்ள எங்களுக்கு உத்தரவு வந்துடும்" என்றாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

புதன்கிழமை அந்த நாட்டுக்காரர்கள் திருப்பி அடித்தார்கள். உங்கள் கப்பல் அணியில் ஒரு கப்பலில் இரண்டு பேர் இறந்ததாகச் செய்தி. எந்தக் கப்பல், யார் பெயர் எதுவும் சொல்லவில்லை. நாட்டின் சட்டம் செய்யும் இடத்தில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது, ஆனால் என் மகள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியவில்லை. எல்லாப் பெற்றோரும் காத்திருக்கும்போது நானும் காத்திருந்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. பதவியைச் சொல்லி, தெரிந்தவர் மூலம் கேட்டேன். பட்டியலில் நீ இல்லை என்றார்கள். அம்மாவிடம் சொன்னபோது இருவரும் சிரித்தோம், அழுதோம். பிறகு அம்மா, "அப்போ அந்த ரெண்டு பேரு யாரு ஆர்லன்?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை, வாக்கெடுப்பு இருந்திருக்க வேண்டிய நாளில், அதிபரின் கடிதம் எங்களுக்கு வந்தது. ஒன்றரைப் பக்கம். தனக்குள்ள அதிகாரத்தின்படி செய்ததாகவும், இது அளவான நடவடிக்கை என்றும், போர் அல்ல என்றும் இருந்தது. அம்மாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "போர் இல்லேன்னா என் பொண்ணு அங்க என்ன பண்றா? மீன் பிடிக்கிறாளா?" என்றாள்.

அன்றைக்கே இறந்தவர்களின் பெயர்களும் வந்தன. ஒருவன் அலபாமாக்காரன், இருபத்திரண்டு வயது. அவன் தகப்பனார் க்ளைட் மேபரி, பேருந்து பழுதுபார்ப்பவர். என் தொகுதிக்காரர் இல்லை. இருந்தாலும் அவரைக் கூப்பிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஆறுதல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நல்லா யோசிச்சுத்தான் நீங்க எல்லாரும் ஓட்டுப் போட்டிருப்பீங்க." நான் தயங்கி, இல்லை ஐயா, எங்களைக் கேட்கவே இல்லை என்றேன். "அப்போ யாரைக் கேட்டாங்க?" என்றார்.

சபையின் அனுமதி இல்லாத இந்த நடவடிக்கையை நிறுத்த வேண்டும் என்று எதிர்க்கட்சி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. நேற்று அதற்கு வாக்கெடுப்பு. எங்கள் கட்சிக் கொறடா ஹேல் ப்ரூயிட் மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, பெத்த பொண்ணு அங்க நிக்கிறா. நீயே அவ காலை வாரி விடுவியா? ஊர்ல மூஞ்சி காட்ட முடியுமா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் முந்தின இரவு தூக்கமில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. அவ நிக்கிறதாலதான், என்றேன். உள்ளே போய் வாக்கு அட்டையைச் செருகி, தீர்மானத்துக்கு ஆதரவான பச்சைப் பொத்தானை அழுத்தினேன். எங்கள் கட்சியில் மொத்தம் ஐந்து பேர்தான் பச்சை. மூன்று ஓட்டில் தோற்றோம். சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். அடுத்ததாக ஓர் அஞ்சல் நிலையத்துக்குப் பெயர் வைக்கும் மசோதாவை எடுத்தார்கள்.

இன்று காலையிலிருந்து ஊரிலிருந்து அழைப்புகள். விதைக்கடை மார்வின், "டாக்டர், நான் போட்ட ஓட்டைத் திருப்பிக் குடுங்க" என்றான். அடுத்த தேர்தலில் நான் வருவது சந்தேகம்தான். லெஸ்டருக்கு இன்னும் பசுவின் வயிற்றில் திரும்பிக் கிடக்கும் கன்றைப் புரட்டி எடுக்கத் தெரியாது, அதனால் எனக்கு வேலை இருக்கும்.

உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு வந்தது உத்தரவு. அது ஏன் என்று கேட்டிருக்க வேண்டியவர்கள், தடுத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். ஏவுகணைகள் விழுந்த அந்த நாட்டுத் துறைமுகத்தில் அப்போது சாயங்கால வேலைமுறை மாறும் நேரம், நாற்பத்தொரு பேர் இறந்தார்கள் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். நீயும் படித்திருப்பாய். அந்த நேரத்தில் நீ எந்த அறையில் இருந்தாய், உன் கையில் என்ன இருந்தது என்று நான் கேட்க மாட்டேன். அம்மாவும் கேட்க மாட்டாள். என்றைக்காவது உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால், எத்தனை நாளானாலும் நான் உட்கார்ந்து கேட்பேன். சொல்லாவிட்டாலும் நீ என் மகள்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தூக்கம் வராவிட்டால் கப்பலின் போதகரிடம் போய்ப் பேசு, அதில் வெட்கம் இல்லை. கடவுள் உன் கூடவே இருக்கட்டும், மெரிடித். அங்கே கரையில் இருப்பவர்கள் கூடவும் இருக்கட்டும். எனக்கு ஒரு வரி எழுது. வானிலை எப்படி என்று மட்டும் எழுதினாலும் போதும்.

உன் அப்பா,
ஆர்லன்