கேட்டுக்கு மாற்றல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போர் விமானம் ஓட்டுகிறவளைப் பாப்பா என்று கூப்பிடலாமா என்று அம்மா கேட்கிறாள். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்.

இங்கே விமானத் தளத்தில் பழைய விமானங்களை ஒவ்வொன்றாக ஓரங்கட்டுகிறார்கள். புதியவை நிற்கப் பெரிய கொட்டகைகள் எழும்பிவிட்டன. எங்கள் வேலை மட்டும் அப்படியேதான். விடிந்ததும் வரிசையாக ஓடுபாதையில் குனிந்து நடந்து, கல்லும் ஆணியும் பொறுக்குகிறோம். ஒன்றை இன்ஜின் உறிஞ்சினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். குனிந்து குனிந்து சலித்துவிட்டது, பாப்பா.

முதல் புது விமானத்தை நீ இங்கே இறக்கும்போது நான் ஓடுபாதை ஓரத்தில் நிற்க வேண்டும் என்று போனில் கேட்டாய். நான் மெயின் கேட்டுக் காவலுக்கு மாற்றல் வாங்கிவிட்டேன்.

அம்மாவுக்குக் கோபம். "பொண்ணு வர்ற நேரத்துல கேட்டுல போய் நிக்கணுமா? இடுப்பு வலின்னா சுடுதண்ணி வச்சுத் தர மாட்டேனா?" என்கிறாள். இடுப்பு என்றே இருக்கட்டும்.

போன வாரம் நான் தாண்டிப்போன இடத்தில் பின்னால் வந்தவன் ஒரு ஸ்க்ரூவை எடுத்தான். "என்ன பெரியவரே, எனக்கும் வேலை இருக்கட்டும்னு விட்டுட்டீங்களா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது என் இடத்தில் நடப்பவன் அவன்தான். நீ தைரியமாக இறங்கு.

கேட்டுக்கு வருவதெல்லாம் லாரியும் ஜீப்பும்தான். அவ்வளவு பெரிதாக இருந்தால் எனக்குப் பிடிபடும். நீ வெளியே வரும்போது அடையாள அட்டை கேட்பேன். கோபப்படாமல், கொஞ்சம் கிட்டத்தில் வந்து காட்டு.

இப்படிக்கு,
இனிமேல் நிமிர்ந்து நிற்கப்போகும்
உன் அப்பா