மூன்று பேர் பார்த்த அம்மா

மார்ச் 18, 2024. திங்கள்

அடையாள அட்டை விண்ணப்பம் பதினொன்று, மரணச் சான்றிதழ் போட்டோ கொப்பி இரண்டு, ஒரு மனு. ஹட்டனில் இந்தக் கொமினிகேஷன் கடைக்கு வேலைக்கு வந்து மூன்று வருஷம். அடுத்தவர்களின் குறைகளை நேர்த்தியாக டைப் பண்ணிக் கொடுப்பதுதான் என் தொழில். சாயங்காலம் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பினால் எனக்கே ஒரு கடிதம் காத்திருந்தது. தோட்டக் காரியாலயத்திலிருந்து, ஆங்கிலத்தில்.

பெப்ரவரி 12ஆம் திகதி குளவி கொட்டி இறந்த என் அம்மா, வேலை நேரத்தில் அனுமதியில்லாமல் விறகு பொறுக்கப் போனாராம். சவுக்கு மரத்திலிருந்த கூட்டைத் தானே கலைத்தாராம். ஆகவே அது வேலையில் நடந்த மரணம் அல்லவாம், நட்டஈடும் கிடையாதாம்.

இருபத்தேழு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். கடைசியில் விறகு திருடி.

மார்ச் 19

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. என் முதல் சம்பளத்தில் வாங்கியது. விறகாம்!

மார்ச் 24. ஞாயிறு

அன்று அம்மாவோடு மலையில் நின்ற மூன்று பேரையும் வேலாயி அக்கா வீட்டில் கூட்டி வைத்துக் கேட்டேன். தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு அனுப்பிவிட்டேன். விசாரணை வரும், சாட்சி வேண்டும்.

வேலாயி அக்கா: "எனக்குப் பக்கத்து நெரையிலதான் நின்னா. முதுகுல கூடை. 'ஓடுங்கடி'ன்னு ஒரே கத்து."

பூரணி அக்கா: "இவ எந்தக் காலத்துல கண்டா? கூடை ரோட்டுல இருந்துச்சு. அவ கத்தவே இல்ல. 'யேசப்பா'ன்னு மட்டும் ஒருதரம் சொன்னா."

"ஒனக்குக் காது கேட்டா சரிதான்!"

"ஒனக்குக் கண்ணு தெரிஞ்சா சரிதான்!"

சண்டைக்கு நடுவில் தனுஜா அழுதாள். என்னை விட இரண்டு வயது சின்னவள், மலைக்குப் போகத் தொடங்கி ஆறு மாதம். "அத்தை மரத்துப் பக்கமிருந்து ஓடி வந்தாங்க. தப்பிச்சுட்டாங்க. ரோட்டுக்கே போயிட்டாங்க. நான் விழுந்தத பாத்துட்டுத் திரும்பி மேல ஏறி வந்தாங்க. தலைத்துணிய அவுத்து என்மேல போர்த்திட்டாங்க. ஒண்ணுமே பேசல."

கத்தினாளா, ஜெபித்தாளா, வாய் திறக்கவில்லையா? கூடை முதுகிலா, ரோட்டிலா? மூன்று பேர், மூன்று அம்மா. இதைக் கொண்டு போய் எந்த அதிகாரி முன் வைப்பது?

கிளம்பும்போது பூரணி அக்கா வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னாள்: "அவ ஒதுங்கத்தான் போனா புள்ள. 'செத்த நேரம் கூடையப் பாத்துக்க, வந்துர்றேன்'னுட்டு. தனுஜாவுக்கு முன்னாடி சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு."

மூத்திரம் பெய்யப் போனாள். அவ்வளவுதான். இத்தனை மலைக்கும் ஒரு கக்கூஸ் கிடையாது. துரை பங்களாவில் நாய்க்கு ஓடு போட்ட அறை இருக்கிறது.

மார்ச் 31. உயிர்த்த ஞாயிறு

சபைக்குப் போனேன். அம்மாவுக்காகத்தான், எனக்காக இல்லை. பாஸ்டர் சோலைமலை கல்லறைக்குப் போன பெண்களைப் பற்றிப் பிரசங்கித்தார். முடிந்ததும் பிடித்துக்கொண்டேன். மத்தேயுவில் ஒரு தூதன், லூக்காவில் இரண்டு பேர். யோவானில் இன்னும் இருட்டு, மாற்கில் சூரியன் வந்துவிட்டது. ஒரு இடத்தில் பெண்கள் பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை, இன்னொன்றில் ஓடிப்போய்ச் சொல்கிறார்கள். எது உண்மை?

அவருக்குக் கோபம் வரவில்லை. குஷியாகிவிட்டார். தடித்த அட்டை போட்ட ஒரு மொனிட்டர் கொப்பியை எடுத்துக் காட்டினார். நான்கு சுவிசேஷங்களையும் வெட்டி ஒட்டி ஒரே கதையாக்கி வைத்திருக்கிறார்.

"கெளம்புறப்போ இருட்டு, போய்ச் சேர்றப்போ விடிஞ்சிருச்சு. தூதர் ரெண்டு பேரு, பேசுனது ஒருத்தரு. மொதல்ல பயந்தாங்க, பெறகு சொன்னாங்க. எங்க இடிக்குது சொல்லு?"

"ஒட்டுன எடம் எல்லாம் இடிக்குது பாஸ்டர்."

"ஒங்கம்மாவுக்கு இந்த வாய் இல்ல," என்று சிரித்தார்.

ஆனால் குறுக்குப் பாதையில் இறங்கி வரும்போது யோசித்தேன். நான்கு விதமாகச் சொல்லி இரண்டாயிரம் வருஷமாக ஆள் ஆளுக்குக் கேள்வி கேட்கிறார்கள். யாராவது அன்றைக்கே ஒன்றாக எழுதியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

ஏப்ரல் 17

விசாரணை மே 8.

ஏப்ரல் 21. ஞாயிறு

எழுதி முடித்தேன். ஒரு பக்கம், பதினைந்து வரி. அம்மா மூன்றாம் நிரையில், கூடை முதுகில். குளவி வருகிறது. எல்லாரையும் ஓடச் சொல்லிக் கத்துகிறாள். தனுஜா விழுகிறாள். துணியைப் போர்த்துகிறாள். "யேசப்பா" என்கிறாள். மூன்று பேர் சொன்னதிலும் ஒவ்வொன்று இருக்கிறது, எதுவும் இடிக்கவில்லை. மரத்துப் பக்கம் போனது மட்டும் இல்லை.

வாசித்துக் காட்டி மூன்று பேரையும் மனப்பாடம் பண்ண வைத்தேன். வேலாயி அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தாள். பூரணி அக்கா மட்டும் முறுக்கிக்கொண்டாள்.

"கூடை ரோட்டுலதானே புள்ள இருந்துச்சு?"

"ரோட்டுல இருந்துச்சுன்னா அம்மா எங்க போனாங்கன்னு கேப்பாங்க. அத்தனை ஆம்பளைங்க முன்னாடி என்னான்னு சொல்லுவீங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். "நீ படிச்ச புள்ள. நீ சொன்னா சரிதான்."

அந்த அறையில், நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஆண்களுக்கு முன்னால், என் அம்மா பாவாடையைத் தூக்கி உட்கார்ந்ததை யாரும் சொல்லக்கூடாது. நான் விட மாட்டேன்.

மே 8. புதன்

வேலாயி அக்கா சொன்னாள். அதிகாரி சிங்களத்தில் எழுதிக்கொண்டார். தனுஜா சொன்னாள். பாதியில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். பூரணி அக்கா தொடங்கியதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். மூன்று பேர் வாயிலிருந்தும் ஒரே பதினைந்து வரி, அதே வரிசையில்.

பிறகு மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா எழுந்து போனை நீட்டினார். அன்று அவரே எடுத்த படம். ரோட்டோரத்தில் அம்மாவின் கூடை. பாதி கொழுந்து. நிமிர்ந்து, ஒழுங்காக, இறக்கி வைத்த கூடை.

மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "ஐயா கேக்கிறாரு, இத ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

அதிகாரி கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். தனுஜா திரும்பி என்னைப் பார்த்தாள். அது போதும்.



மே 9

அம்மாவைத் திருடி ஆக்கினது கொம்பனி. அம்மாவுக்காகப் பேச வந்தவங்களப் பொய்க்காரி ஆக்கினது யாரு? நான்தானே. நான்தான்.

மே 12. ஞாயிறு

பாஸ்டர் வந்தார். கேள்விப்பட்டிருக்கிறார். வெகுநேரம் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "நான் வேதத்துக்குத்தானே புள்ள அப்பிடிச் சொன்னேன். விசாரணைக்கா சொன்னேன்?"

அம்மா செத்த பிறகு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாக முடியவில்லை.

அவர் போன பிறகு அம்மாவின் பைபிளை எடுத்து நான்கு கதையையும் வாசித்தேன். லூக்காவில் ஒரு இடம். பெண்கள் வந்து சொன்னதும் ஆண்கள் நம்பவில்லை, உளறல் என்று நினைத்தார்கள். இதை ஏன் வெட்டாமல் விட்டார்கள்? இருட்டா வெளிச்சமா, ஒருவனா இரண்டு பேரா, எல்லாமே இடித்துக்கொண்டு கிடக்கின்றன. சேர்த்து வைத்தவர்களுக்கு இது கண்ணில் படாமலா இருந்திருக்கும்? ஒரு மத்தியானம் போதுமே, சரிப்படுத்த. எனக்கு அவ்வளவு நேரம்தான் எடுத்தது. அவர்கள் செய்யவில்லை. பயந்து பேசாமலிருந்தவளை அப்படியே விட்டார்கள். ஓடிப்போய்ச் சொன்னவளையும் அப்படியே விட்டார்கள். எனக்கு விசுவாசம் வந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைத்துவிட்டேன் என்று மட்டும் தெரிகிறது.

அவர்கள் முதலில் சொன்னதை நேரப்படி வைத்துப் பார்த்தேன். வேலாயி அக்கா கூடையை முதுகில் பார்த்தது தேத்தண்ணி இடைவேளைக்கு முன்னால். பூரணி அக்காவிடம் கூடையைக் கொடுத்தது தேத்தண்ணிக்குப் பிறகு. தனுஜா பார்த்தது அதற்கும் பிறகு. சண்டையே இல்லை. நேரம்தான் வேறு. கத்தினாளா, ஜெபித்தாளா — அது தெரியாது. தெரியாது என்றே விட்டிருக்கலாம்.

மே 27

பூரணி அக்கா அவளாகவே வந்து கேட்டாள், "என்னக் கூட்டிட்டுப் போ. நான் சொல்றேன்." போனோம். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள், கோயிலுக்குக் கட்டுவது. அதிகாரி, மொழிபெயர்ப்பாளர், இரண்டு கிளார்க் — எல்லாம் ஆண்கள். அவள் தலையைக் குனியவே இல்லை.

"அவ மூத்திரம் பெய்யப் போனா ஐயா. வெறகுக்கு இல்ல. நாங்க எல்லாரும் அங்கதான் போவோம். வேற எங்க போறது? நீங்க சொல்லுங்க."

ஒரு கிளார்க் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். அதிகாரி மட்டும் சங்கடப்பட்டார். அவர் கேட்டதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, எனக்கே விளங்கியது. இதை ஏன் முதலில் சொல்லவில்லை?

பூரணி அக்கா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "வெக்கமா இருந்துச்சு," என்றாள்.

ஜூன் 20. வியாழன்

முடிவு வந்துவிட்டது. சாட்சிகள் தயார்ப்படுத்தப்பட்டவர்கள், பின்னர் சாட்சியத்தை மாற்றியவர்கள். வேலையில் நடந்த மரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை. மேன்முறையீடு செய்யலாமாம்.

வெறகுக்குப் போனவளாகவே அவ இருக்கட்டும்னு எழுதிட்டாங்க.

ஜூன் 23

நானே தனுஜாவிடம் போனேன். வாசலில் நின்று, "அத்தை ஒண்ணும் பேசலதானே அக்கா? இல்ல, கத்துனாங்களா? எனக்கு இப்ப ரெண்டும் ஞாபகம் வருது," என்றாள்.

ஜூலை 7. ஞாயிறு

மேன்முறையீட்டுக்காக இல்லை. அதை எழுதி அனுப்பிவிட்டேன், அதில் பெரிய நம்பிக்கையும் இல்லை. இன்று வேலாயி அக்கா வீட்டுக்கு எனக்காகப் போனேன்.

முதல் தடவை கேட்டபோது, அன்று காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அம்மா ஏதோ சொல்லிச் சிரித்ததையும் வேலாயி அக்கா சொன்னாள். விசாரணைக்குத் தேவையில்லை என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது என்ன என்று இன்று கேட்டேன். அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இரு புள்ள, மொதல்லருந்து சொன்னாத்தான் வரும்," என்றவள் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். "அன்று காலை ஒன்பது மணியளவில், மூன்றாம் நிரையில்..."

வேலாயி அக்கா தன் வாழ்நாளில் யாரிடமும் "மணியளவில்" என்று சொன்னதில்லை.

நான் நிறுத்தச் சொல்லவில்லை. பதினைந்து வரியையும் கேட்டேன். ஒரு சொல்கூட அவள் தவறவிடவில்லை. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து, "சரியா புள்ள?" என்றாள்.

சரி என்றேன்.