நெற்றியில் ஒரு சிலுவை

நவம்பர், செவ்வாய் இரவு

எங்கள் பங்குச் சாமியாரை இன்று அடக்கம் பண்ணினோம். எல்லாரும் பெட்டியிலிருந்த அவர் கையை முத்தமிட்டு நகர்ந்தார்கள். நான் மட்டும் பழக்கதோஷத்தில், "தோத்திரம் சாமி" என்று சொல்லி, அவர் சிலுவை போடுவதற்காக நெற்றியைக் குனிந்து காட்டிவிட்டேன். சில்லென்று ஒரு கட்டைவிரல் பட்டது.

பிரமைதான் என்று இலுப்பூர் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தேன். வாசலிலேயே என் வீட்டுக்காரி, "என்னங்க, நெத்தியில சிலுவை மாதிரி நீல மை?" என்றாள். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அவரை மாற்றச் சொல்லி ஆயருக்கு மொட்டைக் கடுதாசி போட்டது நான்தான். நீலப் பேனாவில்தான் எழுதினேன். அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் அவரிடம் நெற்றியைக் காட்டினேன். அவரும் ஒன்றுமே கேட்காமல் சிலுவை போட்டார்.

இன்றைக்குத்தான் மையோடு போட்டிருக்கிறார்.